‘நம்பிக்கையாய் இரு’ என்கிறார்கள். நாளைக் காலையில் என்ன செய்வது?

பாம்பனிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் வேலைக்குப் போன விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. அண்ணன் இப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார். காவல் நீட்டிப்பு என்ற செய்தியே திரும்பத் திரும்ப வருகிறது. “கோயிலில் எல்லாரும் நம்பிக்கையாய் இரு என்கிறார்கள், அக்கா. மோட்சம் உண்டு, உயிர்ப்பு உண்டு என்று நானும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும்? பிறரை நேசி என்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது. இந்த நிலையில் நான் யாரை நேசிப்பது?” இதுதான் அவர் கேள்வி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, தங்கச்சிமடத்தில் இன்றும் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி, இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம்பிக்கைக்கும் நாளைக் காலைக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்கிறீர்கள். புதிய ஏற்பாடு சொல்வதும் அதையேதான். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம் முழுக்க உயிர்ப்பைப் பற்றியது; 58 வசனங்கள். சாவைப் பார்த்து உன் வெற்றி எங்கே, உன் கொடுக்கு எங்கே என்று கேட்கும் உயரம் வரை போய்விட்டு, ஆகவே உங்கள் உழைப்பு வீண்போகாது என்று முடிக்கிறார். அடுத்த வசனம் எதைப் பற்றி என்று எடுத்துப் பாருங்கள். எருசலேம் சபையாருக்காகக் காசு சேர்ப்பதைப் பற்றி! வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருமானத்துக்கு ஏற்ப எடுத்து வையுங்கள் என்கிறார். அதிகாரம் பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். பவுல் எழுதியபோது உயிர்ப்பும் உண்டியலும் அடுத்தடுத்த வரிகள்.

கொலோசையருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் நேராகவே சொல்கிறார். நீங்கள் எல்லா இறைமக்களிடமும் காட்டும் அன்பைக் கேள்விப்பட்டோம். விண்ணகத்தில் உங்களுக்காக வைக்கப்பட்டிருப்பதன்மேல் உள்ள நம்பிக்கையால் அந்த அன்பு வருகிறது என்பது அதன் முதல் அதிகாரத்தில் வரும் கருத்து. நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். இங்கே நல்லது செய்தால் அங்கே இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறோம். பவுலின் கணக்கு வேறு. அங்கே இடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது, அதனால் இங்கே கையை இறுக மூடிக்கொள்ளத் தேவையில்லை. நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

இனி, நாளைக் காலை. யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு காலை வருகிறது. சீடர்கள் இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் விடியும் வேளையில் கரையை நோக்கி வருகிறார்கள். நம் கடற்கரையில் பிறந்தவருக்கு அந்தக் காலையை விளக்க வேண்டியதில்லை. டீசல் செலவும் கூலியும் தலையில் இருக்க, பெட்டி காலியாகத் திரும்பும் படகை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். கரையில் நிற்கிறார் இயேசு. சாவை வென்றவர். அவர் அன்று காலையில் என்ன செய்துகொண்டிருக்கிறார்? கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்திருக்கிறார். “வந்து சாப்பிடுங்கள்” என்கிறார். முதல் வார்த்தையாக உபதேசம் எதுவும் வரவில்லை. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் பேச வேண்டியதைக்கூட அவர் சாப்பிட்ட பிறகுதான் பேசுகிறார். உயிர்ப்பு என்பதற்கும் ஒருவருக்குக் காலைச் சாப்பாடு போடுவதற்கும் இடைவெளி இல்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இதே போன்ற இன்னொரு சாப்பாடு திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடல் தெரிந்தவர்கள் படிக்க வேண்டிய அதிகாரம் அது. பவுல் கைதியாக ரோமைக்குக் கொண்டுபோகப்படுகிறார். கப்பலில் 276 பேர். வடகிழக்கிலிருந்து கொடுங்காற்று எழும்புகிறது. நமக்கு வாடைக்காலத்துக் காற்று எப்படியோ அப்படி. கப்பலின் அடியைக் கயிற்றால் வரிந்து கட்டுகிறார்கள். சரக்கைக் கடலில் எறிகிறார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையே எறிகிறார்கள். பல நாட்களாகச் சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை. தப்பிப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று அந்த வார்த்தையையே லூக்கா எழுதிவைக்கிறார். கப்பலில் இருந்தவர் எழுதுவதைப் போலத்தான் அந்தப் பகுதி முழுவதும் இருக்கிறது; ‘நாங்கள்’ என்றே எழுதுகிறார்.

பதினான்காம் நாள் விடியும் நேரத்தில் பவுல் என்ன செய்கிறார்? சாப்பிடுங்கள் என்கிறார். பதினான்கு நாளாய்ச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறீர்கள், உயிர் பிழைக்க இது வேண்டும் என்று சொல்லி, அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னும் கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு, முதலில் தானே சாப்பிடத் தொடங்குகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியம் கொண்டு சாப்பிட்டார்கள். அந்த 276 பேரில் சிப்பாய்கள் உண்டு, கைதிகள் உண்டு, கப்பல்காரர்கள் உண்டு. பெரும்பாலோர் பவுலின் கடவுளை அறியாதவர்கள். நம்பிக்கை உள்ள ஒருவர் சாப்பிட்டதால் நம்பிக்கை அற்றவர்கள் சாப்பிட்டார்கள். உங்கள் வீட்டில் அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார் என்றால், நாளைக் காலையில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இருக்கிற கஞ்சியைக் காய்ச்சி, நீங்களும் குடித்து, அவரையும் குடிக்க வையுங்கள். இது சின்னக் காரியம் என்று நினைக்காதீர்கள்.

அந்தக் கதையில் இன்னும் இரண்டு இடங்களைக் காட்ட விரும்புகிறேன். ஒன்று, கப்பல்காரர்கள் முன்பக்கத்தில் நங்கூரம் போடப்போவதாகப் பாசாங்கு செய்து சிறு படகை இறக்கித் தப்பி ஓடப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்க முடியாது என்று பவுல் நூற்றுவர் தலைவரிடம் சொல்கிறார். சிப்பாய்கள் கயிற்றை அறுத்துப் படகை விழவிடுகிறார்கள். தனக்கு மட்டும் வழி தேடிக்கொள்வது நம்பிக்கை ஆகாது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியாது. இரண்டாவது, கப்பல் உடைந்து எல்லாரும் நனைந்து மால்தா தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். அங்கே ஊர்க்காரர்கள் நெருப்பு மூட்டுகிறார்கள். பவுல் சுள்ளி பொறுக்கப் போகிறார். நினைத்துப் பாருங்கள், உரோமையர் கடிதத்தை எழுதி முடித்தவர், கைதி, நனைந்த உடையோடு மற்றவர்கள் குளிர்காயச் சுள்ளி பொறுக்குகிறார். விரியன் பாம்பு கையைச் சுற்றிக்கொண்டது அந்தச் சுள்ளிக் கட்டிலிருந்துதான். நாம் பாம்பை நினைவில் வைத்துக்கொண்டு சுள்ளியை மறந்துவிட்டோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பவுலுக்கு அன்று ஒரு வாக்கு இருந்தது. கப்பல் போகும், உயிர் ஒன்றும் போகாது என்று வானதூதர் சொன்னதாக அவரே சொல்கிறார். நமக்கு அப்படி ஒரு வாக்கு வரவில்லை. உங்கள் அண்ணன் எந்தத் தேதியில் வருவார் என்று எந்தச் சாமியாரும் எந்தப் போதகரும் சொல்ல முடியாது. சொன்னால் கவனமாக இருங்கள். இறைவாக்கினர் எரேமியாவின் காலத்தில் அனனியா என்ற ஒருவர் எழும்பி, பாபிலோனுக்குப் பிடித்துப்போனவர்கள் இரண்டே ஆண்டுகளில் திரும்புவார்கள் என்று ஆண்டவர் பெயரால் சொன்னார். மக்களுக்கு அது தேனாக இருந்திருக்கும். எரேமியாவின் கணக்கு எழுபது ஆண்டு. அதனால் அவர் பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் பிடிபட்டுப் போயிருக்கும் அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள். பொய்யான நம்பிக்கை மூட்டையைக் கட்டி வாசலில் உட்காரச் சொன்னது. மெய்யான நம்பிக்கை தோட்டம் போடச் சொன்னது. படகு மந்திரிப்பது, அதாவது செபம் சொல்லிப் படகை ஆசீர்வதிப்பது, நம் கரையின் நல்ல வழக்கம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் எண்ணெய் தெளித்தால் வலை நிறையும், காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அனனியாவின் வழியில் வருகிறவர்கள். ஏழைகளிடமிருந்து அவர்கள் எடுத்துப்போவது காசை மட்டும் இல்லை. சொன்னது நடக்காதபோது, நம்முடைய விசுவாசம்தான் போதவில்லை என்ற குற்றவுணர்வையும் விட்டுச் செல்கிறார்கள். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அப்படியானால் எதை நம்புகிறோம்? அண்ணன் வர வேண்டும் என்பது உங்கள் ஆசை, நல்ல ஆசை, அதற்காகத் தினமும் செபியுங்கள், மனுவும் கொடுங்கள். கிறிஸ்தவ நம்பிக்கை அந்த ஆசைக்கும் கீழே, இன்னும் ஆழத்தில் இருப்பது. சிலுவையில் அறையப்பட்டவரைக் கடவுள் எழுப்பினார். ஆகவே இந்த உலகத்தின் கடைசி வார்த்தை சாவும் சிறையும் கிடையாது. அன்பினால் செய்த எதுவும் தொலைந்துபோகாது. எபிரேயருக்கு எழுதிய கடிதம் இதை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. ரோமையில் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளில் நங்கூரத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நங்கூரம் போட்ட படகு ஆடாமல் நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆடும், சில நேரம் பயமாக ஆடும். அடித்துக்கொண்டு போகாது, அவ்வளவுதான். அண்ணனை நினைத்து இரவில் அழுகிறேன், எனக்கு நம்பிக்கை இல்லையோ என்று நீங்கள் பயந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதும்போது, நம்பிக்கை இல்லாத மற்றவர்களைப் போல நீங்கள் துயரப்படக் கூடாது என்கிறார். துயரப்படவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நம் ஊர்களில் கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அவரவர் குழிமேட்டைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருப்பார்கள். சில பெண்கள் மட்டும் எந்தக் கல்லறைக்கும் போகாமல் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். கடலுக்குப் போய் உடல் கிடைக்காமல் போனவர்களின் வீட்டார் அவர்கள். சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதப்படுவார். அதுவரை அந்தப் பெண் மனைவியா, விதவையா என்று ஊருக்கும் தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது. காற்றுக்குத் திசைமாறி எங்கேயாவது கரையேறி இருப்பாரோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு வாசல் திறந்தே கிடக்கும்.

இந்தப் பெண்களிடம் நம்பிக்கையாய் இரு என்று ஒருவர் வாயால் சொல்வதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். எதை நம்பச் சொல்கிறோம்? அவர் திரும்பி வருவார் என்றா? உயிர்ப்பின் நம்பிக்கை அந்தப் பெண்ணுக்கு வேறொன்றைத் தருகிறது: அவரைக் கடவுளின் கையில் விட்டுவிட அனுமதி. உடல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடல் தன்னிடம் உள்ள இறந்தவர்களை ஒப்படைக்கும் என்று திருவெளிப்பாட்டில் ஒரு வசனம் இருக்கிறது. கடற்கரையில் அதை வாசிக்கும்போது கோயிலில் எழும் அமைதியை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வசனம் அவளுக்கு ஆறுதலாவது ஒரு நிபந்தனையில்தான். மறுநாள் அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் அரிசியோடு வந்திருக்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குச் சங்கம் ஒரு வழி செய்திருக்க வேண்டும். ஒரு படகு கரை திரும்பவில்லை என்றால் அன்றைய தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போகிறார்களே நம் ஆட்கள், அந்தப் படகு யாருடையது, என்ன சாதி, எந்தக் கோயில் என்று கேட்டா போகிறார்கள்? டீசலுக்குக் கணக்குப் பார்த்தா போகிறார்கள்? கிறிஸ்தவர்கள் மட்டும் செய்வது அன்று அது. கடல் கற்றுக்கொடுத்த அறம். நம் மறை அதற்கு ஒரு காரணத்தையும் ஒரு முடிவையும் காட்டுகிறது.

இங்கே ஓரியூரைச் சொல்லாமல் போக முடியாது. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு, போர்த்துகல் அரசவையில் வளர்ந்தவர். பின்னால் மன்னரான பேதுருவின் சிறுவயதுத் தோழர். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். விடுதலையாகி லிஸ்பனுக்குப் போனபோது மன்னர் அங்கேயே இருக்கச் சொன்னார். அவர் மறுத்துவிட்டு, 1690-இல் மீண்டும் இந்த மண்ணுக்கே வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். முந்தின நாள் சிறையிலிருந்து தன் சபைத் தோழருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போகிறோம், குழந்தை வரம் கேட்கிறோம், எல்லாம் சரி. தப்பித்துப்போனவர் ஏன் திரும்பி வந்தார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. சாவைப் பற்றிய பயம் போனபின் ஒருவருக்கு எங்கே வாழ்வது என்பதில் எவ்வளவு சுதந்திரம் வந்துவிடுகிறது என்பதற்கு ஓரியூர் சாட்சி. நம்மில் யாரையும் ஓரியூர்வரை அழைக்காமலும் இருக்கலாம். கந்துவட்டிக்காரர் பேரைச் சொன்னாலே நடுங்கும் ஒரு வீட்டோடு போய் நிற்கும் அளவுக்காவது அந்தச் சுதந்திரம் நமக்கு வேண்டும்.

மோட்சத்தை நம்புகிறவர்கள் இந்த உலகத்து அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உங்கள் கேள்விக்குள்ளும் அதன் சாயல் இருக்கிறது. அப்படிச் சிலர் போதித்ததும் உண்மை. யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மன் இறையியலாளர் இதற்கு நேரெதிராகச் சொன்னார். கிறிஸ்துவின்மேல் நம்பிக்கை வைத்தவரால் உலகம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சமாதானமாகிவிட முடியாது என்பது அவர் வாதம். அதைச் சொன்ன அவருடைய நூல் வெளிவந்தது 1964-இல். அதே ஆண்டின் டிசம்பரில்தான், கிறிஸ்துமஸுக்கு முன்பு, 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் விழுங்கியது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடிந்த கோயில் சுவர்களுக்குள், அன்று அந்த ஊரார் கிறிஸ்துமஸ் பூசைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்திருப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் நம்பிக்கையைப் பற்றிப் பேசும் எந்த இறையியலும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பேசக் கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான்.

மோல்ட்மனால் அங்கே நின்று பேச முடியும். ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் கண்முன்னே செத்தான். பிறகு பிரிட்டிஷாரிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு 1948 வரை முகாம்களில் இருந்தார். ஸ்காட்லாந்தில் ஒரு முகாமில் இருந்தபோது படைக் குருவானவர் ஒருவர் அவருக்கு ஒரு பைபிள் கொடுத்தார். அது மட்டும் இல்லை. அந்த ஊர்த் தொழிலாளர் குடும்பங்கள், எதிரி நாட்டுக் கைதிகளான அவர்களிடம் அன்பாக நடந்துகொண்டன. அந்த அன்பில்தான் தனக்கு வாழும் நம்பிக்கை திரும்பியது என்று பின்னாட்களில் அவர் சொல்லியிருக்கிறார். தங்கச்சி, உங்கள் அண்ணன் இருப்பதும் அடுத்த கரையின் சிறையில். இந்தக் கதையை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் அதுதான். நம்பிக்கையிலிருந்து அன்பு வருகிறது என்று பவுலை வைத்துச் சொன்னேன். அன்பிலிருந்தும் நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கை இழந்தவருக்கு அதைக் கொடுக்க வேறு வழியே இல்லை.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். எரேமியா, பிடித்துக்கொண்டுபோன ஊரின் நலனுக்காக மன்றாடச் சொன்னார். அந்த வார்த்தையை நம் நிலைமையில் வைத்தால், யாழ்ப்பாணத்துக்காகவும் மன்னாருக்காகவும் மன்றாட வேண்டும். அங்கே நெடுந்தீவிலும் மன்னாரிலும் கடலுக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் நம்மைப் போலவே அந்தோணியாரைக் கும்பிடுகிறவர்கள். நம் மொழி பேசுகிறவர்கள். இலங்கையில் போர் நடந்த காலத்தில் பெரும்பகுதி அவர்களுக்குக் கடல் மூடப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ கிடந்தது. 2009-இல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டால், இரவில் நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் (கடலடியை வாரி இழுக்கும் வலை போடுகிறவை) அதை அறுத்துக்கொண்டு போகின்றன என்று அழுகிறார்கள். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டப்படி தடை செய்தது. உங்கள் அண்ணன் கூலிக்குப் போனவர். படகு அவருடையதும் அன்று, போகும் இடத்தைத் தீர்மானித்தவரும் அவர் அல்லர். அவரைச் சிறையில் வைப்பதையும், கடலில் நம் ஆட்களை அடிப்பதையும் நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனாலும் அறுந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அங்கேயுள்ள ஒரு தங்கச்சியையும் உங்கள் செபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவின்போது இரண்டு கரையாரும் ஒரே பூசையில் நிற்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். 2024-இல் நம் மீனவர்களுக்கு விதித்த சிறைத் தண்டனையைக் கண்டித்து இங்கிருந்து யாரும் போகவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அந்தப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறோமே, அது மெய்யாக வேண்டுமானால், நம் பக்கத்து இழுவைமடியைப் பற்றியும் நாம் பேசித்தான் ஆக வேண்டும். பகைவரின் நல்ல எதிர்காலத்தை விரும்புவது வரை போகாத நம்பிக்கை பாதி வழியில் நிற்பது.

கடலையும் இந்த நம்பிக்கையில் சேர்த்தே பார்க்கிறேன். படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் முனகிக்கொண்டு காத்திருக்கிறது என்பது உரோமையர் 8-ஆம் அதிகாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். மீன் முட்டையிடட்டும், குஞ்சு பெருகட்டும் என்று கடலை விட்டுவைப்பது பிள்ளைகளின் காலத்தை நம்பும் செயல். உங்கள் ஊர்ப் பக்கத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களைத் தெரியும் அல்லவா? விரலெல்லாம் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். துணியையும் தாண்டிப் பாறை விரலைக் கீறுகிறது. அப்படிக் கஷ்டப்படுகிறவர்களே பாசி மறுபடி வளர வேண்டும் என்று எடுக்கும் நாட்களைத் தாங்களாகக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. நம்பிக்கையைப் பற்றி அவர்களிடம் நாம் படிக்க வேண்டியது இருக்கிறது.

இன்னொருவருக்காக நம்புவதும் அன்புதான். அன்பு அனைத்தையும் எதிர்நோக்கி இருக்கும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், அன்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற 13-ஆம் அதிகாரத்தில் ஒரு சொல் வருகிறது. ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் ராமேஸ்வரத்திலிருந்து வந்து படித்த அப்துல் கலாம் என்ற மாணவனுக்கு, நீ நினைத்தால் முடியும் என்று சொல்லி வளர்த்தவர் ஐயாதுரை சாலமோன் என்ற ஆசிரியர். கலாம் தன் வாழ்நாள் முழுவதும் அவரை நன்றியோடு சொன்னார். இமாமின் மகனுக்காகக் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் வைத்த நம்பிக்கை அது. வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயிலுக்கு மூன்று மதத்தாரும் வருகிறார்கள் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வகுப்பறையும் நினைவுக்கு வரும். உங்கள் அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், இந்த மாதங்களில் அவர்கள் பள்ளியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லை, கடன் இருக்கிறது, பையனை வேலைக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வரும். அங்கே உறுதியாக நில்லுங்கள்.

உங்களால் நம்பவே முடியாத நாள் வந்தால் என்ன செய்வது? வரும். திருப்பாடல்களில் 88-ஆம் பாடல் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடிவதில்லை. அதையும் செபம் என்றுதான் திருச்சபை வைத்திருக்கிறது. அன்றைக்கு அதைச் செபியுங்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது அந்தத் தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. படுத்துக் கிடந்தவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சில நாட்கள் நீங்கள் கட்டிலில் கிடக்கலாம். உங்களுக்காக நம்பும் வேலையை நாங்கள் செய்கிறோம். அதற்குத்தான் சபை என்று ஒன்று இருக்கிறது.

யாரை நேசிப்பது என்று கேட்டீர்கள். உங்கள் அண்ணனோடு அதே படகில் பிடிபட்ட மற்றவர்களின் வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒரு வீடாவது உங்கள் வீட்டைவிடக் கஷ்டத்தில் இருக்கும். புதிதாகக் கல்யாணமான பெண்ணோ, கைக்குழந்தைக்காரியோ, எழுதப் படிக்கத் தெரியாத தாயோ இருப்பார்கள். நாளை அங்கே போங்கள். போய் நம்பிக்கையாய் இரு என்று சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். ஆதார் நகலும், படகின் பதிவு எண்ணும், கடலுக்குப் போன நாளில் மீன்துறை கொடுத்த டோக்கன் விவரமும் சேர்த்து வையுங்கள். எல்லா அலுவலகத்திலும் அதைத்தான் கேட்பார்கள். மீன்துறை அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளுக்கும் தனித்தனியாக அலையாமல், எல்லா வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரே நாளில் ராமநாதபுரத்துக்கு ஒரே பஸ்ஸில் போங்கள். பஸ் செலவுக்கு இல்லாத வீடு இருந்தால் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நாங்களும் உங்களோடு வருகிறோம்.